நல்லானின் பால்பற்கள்

காப்பியில் சர்க்கரை ஒரு கரண்டி கூடிப்போயிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, எனக்கு இனிப்புப் பிடிக்கும். இந்த ஆபீஸ் அறைக்குள் இதற்கு முன் இரண்டு தடவை வந்திருக்கிறேன்; இரண்டு தடவையும் நின்றுகொண்டேதான் இருந்தேன். நீங்கள் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னீர்கள், காப்பி வரவழைத்தீர்கள், அவசரம் ஒன்றுமில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லு என்றீர்கள். மானேஜர் கதவைச் சாத்திவிட்டுப் போன விதத்தைப் பார்த்தால் இந்த உபசாரம் அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. தொட்டில் ரூமைப் பார்வையிட வந்த சர்க்கார் அம்மா என்பதால் பொறுத்துக்கொண்டார்.

நடந்ததை நடந்தபடி சொல்வதில் எனக்குச் சிரமம் இல்லை. பேசுவதில்தான் சிரமம், அதுவும் கொஞ்ச நேரம் போனால் சரியாகிவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் எனக்குத் தெரிந்திருக்கும், வாய் மட்டும் திறக்காது. பக்கத்தில் இருக்கிற பெண் என் சிலேட்டை எட்டிப் பார்த்து, எழுந்து பதில் சொல்லி, சபாஷ் வாங்கிக்கொள்வாள். எட்டாம் வகுப்புப் பாதியில் என்னை நிறுத்தினார்கள். நான் வரவில்லை என்பதை வாத்தியார் கவனிக்கவே ஒரு மாதம் ஆயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். அது கிடக்கட்டும்.

என் பெயர் மயிலாள். சொந்த ஊர் கணியூர், கட்டிக்கொடுத்தது திருப்பூரில். வீட்டுக்காரர் ரத்தினசாமி பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். ஷிப்டு முடிந்து வந்தால் தூங்குவார், தூங்கி எழுந்தால் ஷிப்டுக்குப் போவார். நல்ல மனிதர். நான் இந்த ஜின்னிங் பேக்டரியில் பஞ்சு பொறுக்குகிறேன். வண்டியில் வந்து இறங்கும் பருத்தியைத் தரையில் பரப்பி, சருகையும் பூச்சி அரித்ததையும் பொறுக்கி எடுத்த பிறகுதான் கொட்டை பிரிக்கும் மெஷினுக்குப் போகும். அறுபது பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து பொறுக்குவோம். பேச்சும் சிரிப்பும் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். அதில் என் குரல் இருக்காது. இரண்டு வருஷமாக என்னைக் கணியூர்க்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் கேட்க யாருக்கும் தோன்றவில்லை, சொல்ல எனக்கும் வரவில்லை.

தொட்டில் ரூமை நீங்களே பார்த்துவிட்டீர்கள். குடோனுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த நீள அறை. உத்தரத்திலிருந்து பழைய சேலையில் பன்னிரண்டு தொட்டில்கள், தரையில் ஒரு ஜமக்காளம், மூலையில் அடுப்பு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் பழனியம்மாள். மடியில் இரண்டு, இடுப்பில் ஒன்று, ராகிக் கூழ் கிண்ட ஒரு கை என்று எப்படியோ சமாளிப்பார். காலை பத்தரைக்கும் மாலை மூன்றுக்கும் சங்கு ஊதினால், பால் கொடுக்கிற தாய்மார்கள் கால் மணி நேரம் போய் வரலாம். பால் கொடுக்கிறவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள். மற்றவர்கள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்கள். பழனியம்மாள்கூட அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவார். கண் பட்டால் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கால் மணி நேரம் ஒரு தாய் என்ன செய்கிறாள் என்று யாரும் பார்க்கமாட்டார்கள். இதைச் சும்மா சொல்லிவைக்கிறேன்.

என் மகள் அமராவதிக்கு ஒன்றரை வயது. எங்கள் ஊர் ஆற்றின் பெயர். ஆறு மாதிரி இல்லாமல், சத்தம் போடாத பிள்ளை. என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

நல்லானுக்கு மூன்று வயது. குட்டையான பையன், உப்பின கன்னம், எதையாவது பிடித்தால் விடமாட்டான். அவன் அம்மா நஞ்சம்மாள் குண்டடம் பக்கத்தவள். கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து புருஷன் போய்விட்டான். ஒரு மூட்டையும் இந்தப் பையனுமாகத் திருப்பூர் வந்து இறங்கியவள். இங்கே அவளுக்கு உறவென்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. அவளும் எங்கள் வட்டத்தில்தான் பொறுக்குவாள்.

மாசி மாதம் ஒரு நாள், காலி நூல்கட்டை ஒன்றுக்காக நல்லான் என் மகளின் கன்னத்தைக் கடித்துவிட்டான். நெல்மணி நெல்மணியாக எட்டுத் தடம். பழனியம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொறுக்குகிற இடத்துக்கே ஓடி வந்தார். அறுபது பெண்களும் எழுந்துவிட்டார்கள்.

"ஐயோ, கன்னத்தையே பிச்சுட்டானே பாவிப் பய."

"போன வாரம் அந்த மேட்டுக்கடைக்காரி பையன் காதைப் புடிச்சு இழுத்தவனும் இவந்தே."

"பேரைப் பாரு. நல்லானாம்."

எங்கள் மேஸ்திரி சுப்புலட்சுமி அக்கா யாரையும் லேசில் உட்காரவிடமாட்டார். அவரே ஒரு சாக்கை மடித்துப் போட்டார்.

"நீ இன்னைக்குப் பொறுக்க வேண்டாம் அம்மிணி. புள்ளைய மடில போட்டுட்டு இப்பிடி உக்காரு. உன்ற பேரென்ன கண்ணு?"

"மயிலாளுங்க."

"பாருங்கடி, ரெண்டு வருசமா இவ பேரே நமக்குத் தெரியல."

ஒருத்தி மோர் கொண்டுவந்தாள். ஒருத்தி தேங்காய் எண்ணெய் தடவினாள். சாயங்காலம் என்னுடன் வீடு வரைக்கும் ஏழு பேர் நடந்து வந்தார்கள். பிள்ளையை மாற்றி மாற்றி அவர்களே தூக்கினார்கள், நான் கையை வீசிக்கொண்டு வந்தேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். மறுநாளும் கேட்டார்கள், அதற்கு மறுநாளும் கேட்டார்கள். நான்காம் நாள் சுப்புலட்சுமி அக்கா வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

நல்லானை என்ன செய்வது என்று பழனியம்மாளே பேச்செடுத்தார். அவர் கைவசம் வைத்தியம் இருந்தது.

"அவன் கையப் புடிச்சு நீயே ஒரு கடி கடிச்சு உட்டுரு. வலி தெரிஞ்சாத்தே நிப்பாட்டுவான். என்ற நாலு புள்ளைகளுக்கும் இதே வைத்தியந்தே."

"அடுத்தவங்க புள்ளைங்களே" என்றேன்.

"அதுக்கென்ன? கடிக்கு என்ன சொந்தம், பந்தம்?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. அடுத்தவர் பிள்ளை மேல் கை வைப்பது தப்பு. நான் அப்படி வளர்க்கப்படவில்லை.

பழனியம்மாள் பிறகு வேறு வைத்தியம் செய்தார். நல்லானைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அவன் வாயில் எந்நேரமும் ஒரு கடலை உருண்டை, கூழ் கிண்டினால் அவன் கையிலும் ஒரு சின்னக் கரண்டி, தொட்டிலை ஆட்டினால் கயிற்றின் நுனி அவன் பிடியில். பத்தே நாளில் பையன் தணிந்துவிட்டான். எச்சில் வழியும் கடலை உருண்டையை என் மகளிடம் நீட்டி, "இந்தா, தின்னு" என்கிற நிலைக்கு வந்துவிட்டான். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் நிம்மதி இல்லை. கடித்துக்கொண்டிருக்கிற பிள்ளை என்றால் எப்போது கடிப்பான் என்று தெரியும். கடிக்காத பிள்ளையை எப்படி நம்புவது? இன்றில்லாவிட்டால் நாளை கடிக்கத்தான் போகிறான். அது வரைக்கும் ஒரு தாய் பயந்துகொண்டே எத்தனை நாள் பஞ்சு பொறுக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

பங்குனி இரண்டாம் வாரம், காலைச் சங்குக்குப் பிறகு, அமராவதியின் வலது கையில் இரண்டாவது கடி விழுந்தது. மறுபடியும் எல்லோரும் எழுந்து வந்தார்கள். சாக்கு மடித்துப் போடப்பட்டது. மோர் வந்தது, இந்தத் தடவை கறிவேப்பிலை போட்டு.

அன்று கிட்டுசாமி அந்தப் பக்கம் வந்தார். அவர்தான் இங்கே பஞ்சுக்குத் தரம் பார்க்கிறவர். ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்து இழுத்து, கடைசியில் மிஞ்சும் இழையைப் பார்த்து, முக்கால் இஞ்சு, ஒரு இஞ்சு என்று வாயாலேயே நீளம் சொல்லுவார். பம்பாய் வியாபாரி ஸ்கேல் வைத்துப் பார்த்தாலும் மயிரிழை தப்பாது.

"ஏனுங் கிட்டுசாமி, இதுக்கு ஒரு அளவு சொல்லுங்க பாக்கலாம்" என்று யாரோ வம்புக்கு இழுத்தார்கள்.

அவரும் விளையாட்டாகக் கட்டைவிரல்கள் இரண்டையும் என் மகளின் கையில் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணேகால் இஞ்சு. நம்மூருக் கருங்கண்ணிப் பஞ்சு முக்கால் இஞ்சைத் தாண்டறதுக்கே மூச்சு வாங்கும். இந்தப் பையன் வாயில கம்போடியாப் பருத்தியல்ல வெளைஞ்சிருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நஞ்சம்மாள்கூட அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். நானும் நன்றாகச் சிரித்தேன். ஒண்ணேகால் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தொடையில் ஒன்று, முதுகில் ஒன்று, இடது கையில் ஒன்று. இரண்டு வாரம், மூன்று வாரம் இடைவெளி இருக்கும். ஊர்ப்பேச்சு ஆறிப்போகிற சமயமாகப் பார்த்து விழும். நான் நன்றாகப் பேசப் பழகிக்கொண்டதும் அந்த நாட்களில்தான். எப்படி நடந்தது மயிலா என்று கேட்பார்கள். சங்கு ஊதினதிலிருந்து தொடங்கி, பிள்ளையின் அழுகை எப்படி என் அடிவயிற்றில் கேட்டது என்பது வரைக்கும் சொல்லுவேன். பொறுக்குகிற கைகள் அப்படியே நின்றுவிடும். "கதையாட்டமல்ல சொல்றா" என்று சுப்புலட்சுமி அக்கா ஒரு நாள் சொன்னார். இரண்டு வட்டத்துக்காரிகளும் என்னைத் தங்கள் பக்கம் உட்காரக் கூப்பிட்டார்கள். எந்தப் பக்கம் போவது என்று யோசிக்க வேண்டியிருந்தது. எனக்கு அப்படி ஒரு யோசனை அதுவரை வந்ததில்லை.

நஞ்சம்மாளும் தன்னால் ஆனதைச் செய்தாள். முதலில் புளியம் விளாறால் அடித்தாள். பிறகு வேப்பிலையை அரைத்து உதட்டில் பூசினாள். சிவன்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டாள். நல்லான் சந்தனம் காயாத தலையோடு வந்து, அதே வாரம் மறுபடியும் பேர் கெட்டுப்போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் அவள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பையன் அவள் சேலைக்குப் பின்னால் நின்றான்.

"உங்க கால்ல உழுகறேனுங்கக்கா. ஏண்டா கடிச்சேன்னு கேட்டா, நானில்லங்கறானுங்க. கடிக்கறது பத்தாதுன்னு பொய் வேற பேசறானேன்னு இன்னும் ரெண்டு போட்டனுங்க."

"கொளந்தைதானுங்க. அடிக்காதீங்க" என்றேன்.

"உங்களாட்ட மனசு யாருக்கு வருமுங்க. வேற ஒருத்தியா இருந்தா என்ற மயித்தப் புடிச்சிருப்பா."

வீட்டுக்காரர் கம்பெனியில் கழித்துத் தள்ளிய பனியன் இரண்டு கிடந்தது. நல்லானுக்குப் போட்டுவிட்டேன். முழங்கால் வரை தொங்கியது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். சின்னச் சின்னப் பல், அரிசி மாதிரி. அமராவதி தத்தித் தத்திப் போய் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். நானே அவர்களுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன். பாருங்கள், அந்தப் பையன் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது.

அந்த இடது கைக் கடிக்கு அப்புறம் நல்லான் இல்லையென்று சொல்வதை விட்டுவிட்டான். எந்தப் பிள்ளை எதற்கு அழுதாலும், பழனியம்மாள் "யாருடா கடிச்சது?" என்று கேட்டு முடிப்பதற்குள், "நாந்தே" என்று இரண்டு கையையும் அடி வாங்குவதற்கு நீட்டிவிடுவான். குழந்தைகளுக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறது.

மானேஜர் நஞ்சம்மாளையும் என்னையும் இதே அறைக்குக் கூப்பிட்டு நிற்கவைத்தார். இன்னும் ஒரு கடி விழுந்தால் பையன் தொட்டில் ரூம் வாசலை மிதிக்கக்கூடாது என்றார்.

"அவன வெளிய உட்டா நான் எப்படீங்க சாமி வேலைக்கு வரது? ஊட்டுல ஆளில்லீங்க. தூண்ல கட்டிப் போட்டுட்டுத்தே வரோணுமுங்க."

"கட்டிப் போடுவியோ, காட்டுல உடுவியோ, அது உன்ற பாடு" என்றார் மானேஜர்.

வெளியே வந்து அவள் என்னைப் பார்த்தாள். "இன்னொருக்கா நடக்காதுங்கக்கா. நடக்காத மாதிரிப் பண்ணிப் போடறனுங்க" என்றாள். எந்த அம்மாவும் சொல்லுகிற வழக்கமான வார்த்தைதானே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை. வைகாசி பாதி. காலையில் பிள்ளையை விடப் போனபோது நல்லான் ஜமக்காளத்தின் ஓரத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தாடையைச் சுற்றி உச்சந்தலை வரை ஒரு துண்டு கட்டியிருந்தது. பொன்னுக்குவீங்கி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாலு வீடு தள்ளி ஒரு பிள்ளைக்கு வந்திருந்தது. பழனியம்மாளிடம் என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மற்ற எல்லோரிடமும் பேச வந்துவிட்டது, பெரியவர்களிடம் நானாகப் போய் ஒன்று கேட்கிற கூச்சம் மட்டும் போகவில்லை. கேட்டிருந்தால் இந்தக் காப்பி எனக்குக் கிடைத்திருக்காது.

பத்தரைக்குச் சங்கு ஊதியது. போனேன், சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்தேன், பிள்ளையை நல்லான் பக்கத்தில் விட்டேன், வாசலுக்கு வந்தேன். அழுகை கேட்டது. திரும்பி ஓடினேன். பழனியம்மாள் அதற்குள் பிள்ளையைத் தூக்கியிருந்தார். வலது தோளில் கடி, புத்தம் புதிதாக, எச்சில் காயாமல்.

"இவன் மறுக்காவும் கடிச்சுட்டானுங்களே" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், இப்போதெல்லாம் எனக்குச் சத்தம் வருகிறது.

பழனியம்மாள் என் மகளைக் கீழே விட்டார். நல்லானைத் தூக்கி மடியில் வைத்து, துண்டின் முடிச்சை அவிழ்த்து, வாயைத் திறந்து காட்டினார். உள்ளே வேப்பெண்ணெயில் நனைத்த பஞ்சு வைத்திருந்தது. அதை எடுத்தார். மேலே நாலு பல் இல்லை, கீழே நாலு பல் இல்லை. ஈறு பழுத்த அத்திப்பழம் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நஞ்சம்மாள் அவனைச் சந்தையில் சாக்கு விரித்து உட்காருகிற பல் பிடுங்குகிறவரிடம் தூக்கிப் போயிருக்கிறாள். பால்பல்லைப் பிடுங்கமாட்டேன் என்று அவர் இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். பல் இருந்தால் பையனுக்கு இடமில்லை, இடமில்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறில்லை என்று அழுதிருக்கிறாள். அவளே அவன் கைகால்களைப் பிடித்துக்கொண்டாளாம். காலையில் வரும்போதே மானேஜரிடம் வாயைத் திறந்து காட்டி, இனிமேல் கடிக்க முடியாதுங்க என்று சொல்லியிருக்கிறாள். பொறுக்குகிற இடத்தில் யாருக்கும் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது.

ஆட்கள் கூடிவிட்டார்கள். சுப்புலட்சுமி அக்கா, கிட்டுசாமி, அந்த வட்டம், இந்த வட்டம், எல்லோரும். கடைசியாக நஞ்சம்மாள் வந்தாள். என் மகளின் தோளைப் பார்த்தாள், தன் பையனின் வாயைப் பார்த்தாள். பழனியம்மாளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப என்ற புள்ள கடிக்கலீங்களா?"

"இத்தன நாளும் கடிக்கலீங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டது என்று நல்லான் நினைத்துக்கொண்டான். "நாந்தே" என்று குழறிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான்.

நஞ்சம்மாள் தரையில் உட்கார்ந்து அந்தக் கைகளைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். பெண்கள் அவர்கள் இரண்டு பேரையும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி மோர் கொண்டுவர ஓடினாள். இதை மட்டும் குறையாகச் சொல்கிறேன்: அன்று என் பிள்ளையை யாரும் தூக்கவில்லை. காயம் அவளுக்கும்தான். நானேதான் தூக்கினேன், நானேதான் எண்ணெய் தேடினேன்.

கிட்டுசாமி மட்டும் என் பக்கம் வந்தார். இந்தத் தடவை அவர் விளையாடவில்லை. கட்டைவிரல்கள் இரண்டையும் அமராவதியின் தோளில் வைத்தார். பிறகு நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எப்படிச் செய்தாய் என்று கேட்டீர்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையை நல்லான் பக்கத்தில் விடுவேன். எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பியிருப்பார்கள். முத்தம் கொடுக்கிற மாதிரி குனிவேன். கொய்யாக்காய் கனிந்திருக்கிறதா என்று பதம் பார்ப்போமில்லையா, அவ்வளவுதான். பிய்க்கிற கடி கிடையாது. அமராவதி உடனே அழமாட்டாள். வலித்தால் முதலில் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். வாய் திறந்திருக்கும், முகம் சிவக்கும், சத்தம் வரப் பத்து எண்ண வேண்டும். எட்டு எண்ணுவதற்குள் நான் வாசற்படியில் நிற்பேன். பெற்றவளுக்குத்தான் பிள்ளையின் இந்த மாதிரி விஷயமெல்லாம் தெரியும்.

அவளும் பால் குடிக்கும்போது என்னைக் கடிப்பாள். நான் ஒரு நாளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஏன் செய்தாய் என்றும் கேட்டீர்கள். அதைத்தானே இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளையைக் காப்பாற்ற. அவன் எப்படியும் கடிக்கப்போகிறவன். கடித்து, கன்னமோ கண்ணோ போன பிறகு அவனை விலக்கி என்ன பிரயோஜனம்? அவனுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நான் செய்துவிட்டேன், அதுவும் பார்த்துப் பதமாக. நல்லான் போயிருந்தால் அதோடு நின்றிருக்குமா என்கிறீர்கள். நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஆத்தப்பன் என்று ஒரு பையன் போன மாதம் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். அவன் பார்க்கிற பார்வையும் அவ்வளவு சரியில்லை.

அமராவதியை வீட்டுக்காரர் கணியூருக்குக் கொண்டுபோய்விட்டார். போகும்போது என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அவர் எப்போதும் அதிகம் பேசுகிறவர் இல்லை. நல்லான் தொட்டில் ரூமிலேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம். நல்லது. அவனுக்கு ஆறு ஏழு வயதில் புதுப் பல் முளைத்துவிடும். பால்பல் எப்படியும் விழுவதுதான். கொஞ்சம் முன்னாலேயே விழுந்துவிட்டது. அதுவரைக்கும் கூழ்தானே குடிக்கப்போகிறான். பனியன் வேண்டுமானால் இன்னும் இரண்டு தருகிறேன்.

எழுதியதைக் கொடுங்கள், படித்துவிட்டே கையெழுத்துப் போடுகிறேன். எழுத்துக் கூட்டாமல் படிப்பேன். உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. இந்த இடத்தில் ஒரு சின்னத் திருத்தம். 'ஐந்து தடவை கடித்ததாக ஒப்புக்கொள்கிறாள்' என்று போட்டிருக்கிறீர்கள். ஏழு தடவை. கிட்டுசாமி அளவு சொன்ன பிறகு, வாயைச் சின்னதாக வைத்துக்கொள்ளப் பழக வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தபோது இரண்டு தடவை பழகிப் பார்த்தேன். அது கணக்கில் விட்டுப்போகக் கூடாது. நடந்ததை நடந்தபடிதானே கேட்டீர்கள்.

இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நாளைக்கும் வருகிறேன். இவ்வளவு நேரம் யாரும் என்னைப் பேசவிட்டதில்லை. கடைசியில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, அதில் இதை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பழனியம்மாளே கடித்துவிடச் சொல்லியும், அடுத்தவர் பிள்ளைக்கு என்னால் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை.